அக்கா வீடு சேலையூரில், அறை நாவலூரில்

நெதர்லாந்தில் யாரும் யாரையும் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதில்லை. அந்த இடத்தில் இவர்கள் வைத்திருக்கும் கேள்வி, ‘விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?’ ஜனவரிக் குளிரில் சைக்கிளிலிருந்து இறங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள். லிஃப்டில் கேட்பார்கள். பல் மருத்துவர் நம் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு கேட்பார். ‘சாப்பிட்டாச்சா’வுக்கு ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இதில் அப்படி நகர முடியாது. எந்த ஊர், எங்கே தங்கல், குழந்தைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று முழு விவரம் தர வேண்டும். ஐந்தோவன் நகரத்துக்கு வந்த புதிதில் ‘இன்னும் முடிவு பண்ணவில்லை’ என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு, வீட்டில் எல்லாம் நலம்தானே என்று விசாரித்தார்.

அதன் பிறகு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். இந்தியா போகிறோம், எங்கள் ஊருக்கு. எல்லோரும் தலையாட்டுவார்கள், கேள்வி முடிந்துவிடும். இந்த வருடம் அலுவலகத்தில் எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் மர்லீஸ் அந்தப் பதிலை ஏற்கவில்லை. காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அது குடும்பத்தைப் பார்க்கப் போவது, சுதா. விடுமுறைக்கு எங்கே போகிறாய்?” என்றாள். இரண்டும் ஒன்றுதானே என்றேன். “உன் அக்கா வீட்டில் காலையில் எப்போது எழுந்திருப்பாய்?” என்று கேட்டாள். அன்றைக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று உண்மையைச் சொன்னேன்.  மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னைச் சும்மா விடவில்லை. சைக்கிளில் வீடு திரும்பும்போது போன முறை ஊருக்குப் போனதை யோசித்துப் பார்த்தேன். சேலையூரில் உமா அக்கா வீட்டு முன்னறையில் மெத்தை விரித்து நாங்கள் நால்வரும் படுத்திருக்க, காலை ஆறரைக்குப் படப்பை அத்தை வந்து என் மகன் அகிலின் கன்னத்தைக் கிள்ளி எழுப்பியது நினைவுக்கு வந்தது. பிறகு வங்கி, ஆதார் முகவரி, தையல்காரர், யாருக்காகவோ நேர்ந்துகொண்ட குன்றத்தூர் மலைக்கோயில், பார்க்காமல் வந்தால் கோபித்துக்கொள்கிறவர்கள், பார்க்க வந்தும் கோபித்துக்கொண்டவர்கள். என் மகள் மீரா சென்னையைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். ஐந்தோவனுக்குத் திரும்பியதும் பள்ளியில் ‘இந்தியாவில் நான் பார்த்தது’ என்று படம் வரையச் சொன்னார்கள். அவள் ஒரு சோபாவை வரைந்தாள். சோபா நிறையப் பெரியவர்கள். டச்சு ஆசிரியை அதை மிக உருக்கமான படம் என்று சுவரில் ஒட்டினார்.

சின்ன வயதில் எங்களுக்கும் விடுமுறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைத் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலில் ஏற்றி பீச் ஸ்டேஷன் வரை கூட்டிப்போவார். கடல், சுண்டல், திரும்பவும் ரயில். அம்மா விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டுவாள். திரும்பி வந்ததும் நாங்கள் மணல் காலோடு தூங்கிவிடுவோம், அம்மா பாத்திரம் தேய்ப்பாள். அம்மா எங்களோடு கடலுக்கு வந்தாளா, வீட்டிலேயே இருந்துவிட்டாளா என்பதுகூட எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. புளிசாதம் நினைவிருக்கிறது.

டச்சு மொழியில் ‘ஸ்டேடன்ட்ரிப்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்கவென்றே நாலைந்து நாட்கள் போய்த் தங்கி வருவது. சிறு குழந்தைகளோடு போவதென்றால் அதற்குத் தனிச் சாஸ்திரம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். மதியத் தூக்கம் கட்டாயம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குப் போகக்கூடாது. மர்லீஸ் இதையெல்லாம் எனக்கு வேத பாடம்போல் சொல்லிக்கொடுத்தாள். நானும் முடிவெடுத்தேன். இந்த முறை ஊருக்குப் போவதில்லை, சென்னைக்கு ஸ்டேடன்ட்ரிப் போகப்போகிறோம். மீராவுக்கு ஏழு வயது, அகிலுக்கு நாலு. அவர்கள் ஒரு நகரத்தைப் பார்க்கட்டும், சோபாவை அல்ல.

மாலை வேளைகளில் ‘குழந்தைகளுடன் சென்னை’ என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். பிறந்து வளர்ந்து கல்லூரி முடிக்கும்வரை தாம்பரத்திலேயே இருந்தவள், அந்த ஊரைப் பற்றி எவளோ ஒரு வெள்ளைக்காரி எழுதிய குறிப்புகளைக் கையில் பேனாவோடு படித்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் மார்க்கெட்டை அவள் ‘கலப்படமில்லாத உள்ளூர் அனுபவம்’ என்று எழுதியிருந்தாள். அந்த அனுபவத்தில் என் செருப்பு அறுந்திருக்கிறது, ஒருமுறை மாடு துரத்தியிருக்கிறது. குடையும் தண்ணீரும் எடுத்துப் போகவும் என்று முடித்திருந்தாள். குறித்துக்கொண்டேன்.

டச்சுப் பள்ளிகளில் விடுமுறை தவிர்த்த நாட்களில் குழந்தையை வெளியூர் அழைத்துப் போனால் அபராதம். மே மாதத்து இரண்டு வார விடுமுறைதான் எங்களுக்குக் கிடைத்தது, அதாவது கத்திரி வெயில். “மே மாதத்தில் சென்னை, எவ்வளவு இதமாக இருக்கும்” என்றாள் மர்லீஸ். ஆமாம் என்றேன். அந்த வெயிலை டச்சில் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. தங்குவதற்கு நாவலூரில் ஒரு அடுக்குமாடியில், பதினோராவது மாடியில், சமையலறையோடு கூடிய வாடகை வீட்டைப் பதிவு செய்தேன். ஏசி உண்டு, கீழே நீச்சல் குளம் உண்டு, கொசு அவ்வளவு உயரம் ஏறாது என்று நம்பினேன். என் கணவன் பாலாவிடம் படங்களைக் காட்டினேன். அவனுடைய பெற்றோர் பூனாவில் அவன் அண்ணனோடு இருக்கிறார்கள். அதனால் அவனுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“உங்க அக்காகிட்ட யார் சொல்றது?”

“நீ சொல்லேன்.”

“அதுக்கு நான் அந்தப் பதினோராவது மாடிலேர்ந்து குதிச்சிடுவேன்.”

நான்தான் சொன்னேன். வீடியோ அழைப்பில் பேசும்போது அக்கா போனைச் சமையல் மேடையில் அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொள்வாள். எனக்கு அவளுடைய பாதி நெற்றியும் மின்விசிறியும் தெரியும். அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன்பு அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அக்கா வீடுதான். அன்றைக்கு அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். முன்னறைக்குப் புதிதாக ஏசி போட்டிருப்பதாகவும், அகில் உட்கார்ந்து குளிக்க ஒரு நீலத் தொட்டி வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் சொன்னேன்.

“அக்கா, இந்தத் தடவ நாங்க வெளிய தங்கலாம்னு இருக்கோம்.”

“வெளியன்னா?”

“நாவலூர்ல.”

“நாவலூர்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. ரூம் போட்டிருக்கோம்.”

நெற்றி திரையிலிருந்து நகர்ந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மட்டும் வந்தது. “போன தடவ உங்க மாமா எதாவது சொல்லிட்டாராடி?” இல்லை என்றேன். “பசங்களுக்கு என் சாப்பாடு ஒத்துக்கலையா?” அதுவும் இல்லை என்றேன். இது ஒரு வெக்கேஷன் மாதிரி, குழந்தைகளுக்கு ஊர் சுற்றிக் காட்ட, உனக்கும் வேலை மிச்சம் என்று கோர்வையில்லாமல் பேசினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “அம்மா இருந்திருந்தா நீ ரூம் போட்டிருப்பியா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு போய்விட்டது. நெட்வொர்க் போனதா, அவள் போனை எடுத்துக் கவிழ்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மீனம்பாக்கத்தில் நாங்கள் இறங்கியபோது வெளியே அக்காவும் அவள் கணவர் சேகர் மாமாவும் நின்றிருந்தார்கள். அக்கா கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். குழந்தைகளைக் கட்டிக்கொண்டாள். பயணம் எப்படி இருந்தது என்று பாலாவைக் கேட்டாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள், பள்ளி ஆண்டு விழாவில் தலைமை விருந்தினரைப் பார்த்துச் சிரிப்பதுபோல. நாங்கள் பதிவு செய்திருந்த வண்டி வந்து நின்றது. அக்கா முன்பக்க இருக்கையில் கேரியரை வைத்துவிட்டு, டிரைவரிடம், “சின்னப் பசங்க இருக்காங்க, பாத்துப் போங்க சார்” என்றாள். பிறகு என்னிடம், “நல்லா ஊரச் சுத்திப் பாருங்க” என்றாள். மாமா தன்னுடைய காரின் பின்கதவை எங்களுக்காகத் திறந்து வைத்திருந்தார். வண்டி கிளம்பும்வரை அதை மூட அவருக்குத் தோன்றவில்லை.

ரேடியல் ரோட்டில் திரும்பியதும் டிரைவர் பேச்சுக் கொடுத்தார். “அவங்கோ யாரு மேடம், உங்க சொந்தமா?” அக்கா என்றேன். “வூடு எங்க கீது அவங்களுக்கு?” தாம்பரம் பக்கம், சேலையூர் என்றேன். “அப்ப நீங்க இன்னாத்துக்கு நாவலூர் போறீங்கோ?” வெக்கேஷன் என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.  மடியில் கேரியரை வைத்துக்கொண்டு பாலா மெதுவாக ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அடுக்குமாடி வாசலில் காவலாளி அசாம்காரர். “விசிட்டர் யா ரெசிடென்ட்?” என்று கேட்டார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. விசிட்டர் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை, ரெசிடென்ட் என்றால் பொய். மீரா காரிலிருந்து தலையை நீட்டி, நாங்கள் ஹாலிடேக்கு வந்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். நான் பிறந்த ஊருக்குள் என் மகளின் டச்சு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன்.

திட்டம் இரண்டாம் நாளிலேயே ஆட்டம் காண ஆரம்பித்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. கோடையில் நிரப்புவதில்லை என்று பலகை வைத்திருந்தார்கள். கோடையில் நிரப்பாத குளத்தை வேறு எந்தக் காலத்தில் நிரப்புவார்கள் என்று பாலா கேட்டான். ‘மழைக்காலத்தில்’ என்று பதிலும் அவனே சொல்லிக்கொண்டான். குடியிருப்புக்குத் தண்ணீர் லாரிகளில்தான் வந்தது. காலையில் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள் வர, அகில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழாய் மாட்டுவதையும் தண்ணீர் கசிந்து ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. திட்டப்படி வண்டலூர் ஜூவுக்குக் கிளம்பினோம். கேளம்பாக்கம் வழியாக வெயிலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஜூ விடுமுறை என்பது தாம்பரத்தில் பால் பாக்கெட் போடுகிறவர்வரை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, எப்போதோ ஒரு காலத்தில். அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

மூடிய கேட்டின் முன்னால் குழந்தைகள் அழுதார்கள். அழுகையை நிறுத்த, திரும்பும் வழியில் ஒரு மாலுக்குள் இருந்த குழந்தைகள் விளையாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனோம். சாக்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். கத்திரி வெயிலில் யார் சாக்ஸ் வைத்திருப்பார்கள். அங்கேயே விற்றார்கள். உள்ளே பிளாஸ்டிக் பந்துக் குளம், சறுக்குமரம், அரையிருட்டில் ஆங்கிலப் பாட்டு. மீரா ஒரு சுற்று வந்துவிட்டு என் அருகில் உட்கார்ந்தாள். “அம்மா, இது ஐந்தோவன்ல இருக்கிற மாதிரியே இருக்கு.” நல்லதுதானே என்றேன். “அப்ப நாம ஏன் பிளைட்ல வந்தோம்?” என்று கேட்டாள். சுற்றிலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களில் ஒருத்தி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவளுடைய குழந்தையும் அதையேதான் கேட்டிருக்கும், வேறு மொழியில்.

மறுநாள் மதியம், குழந்தைகள் சாஸ்திரப்படி தூங்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து காவலாளி அழைத்தார். “மேடம், விசிட்டர் ஆயா ஹை.” யாரோ வந்திருப்பதாகப் புரிந்தது. கதவைத் திறந்தால் உமா அக்கா நின்றிருந்தாள். புடவை தவிர வேறு உடுப்பில் நான் அவளைப் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தாள், மடிப்புக் கலையாத புதுச் சுடிதார். தோளில் ஒரு பயணப் பை.

“உள்ள கூப்பிட மாட்டியா?” என்றாள்.

உள்ளே வந்து, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். மாமா எங்கே என்று கேட்டேன். “வீட்ல இருக்காரு. மே மாசம் எனக்கும் லீவுதான. வீட்ல இருந்தா அது லீவு இல்லன்னு நீதான சொன்ன?” நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். “சொன்ன. வேற மாதிரி சொன்ன” என்றாள் அக்கா.  அவள் எழுந்து சமையலறைக்குள் போவாள், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், அடுப்பைப் பற்றவைப்பாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் அசையவில்லை. காலை மேலே தூக்கி மடித்துக்கொண்டாள்.

“டீ போடுவியா?”

நான் அக்காவுக்கு அதற்கு முன்பு எப்போது டீ போட்டுக் கொடுத்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. ஐந்தோவனிலிருந்து கொண்டுவந்த டீ பையைச் சுடுதண்ணீரில் முக்கி, பால் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தாள். “பரவால்ல. சூடா இருக்கு” என்றாள். எங்கள் குடும்பத்தில் இதைவிட மோசமான விமர்சனம் கிடையாது. ஆனால் முழுவதும் குடித்தாள்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். “நீ ரூம் போட்டிருக்கேன்னு சொன்ன மறுநாள் ஸ்கூல்ல ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன். ரெண்டு மூணு நாள் யார்கூடவும் சரியா பேசல. அப்பறம் ஒரு நாள் காலைல மாவுக்கு ஊறப்போட உளுந்து எடுத்தேன். நீங்க வர்றதுக்கு எவ்ளோ வேணும்னு கணக்குப் போட்டேன். அப்பதான் ஞாபகம் வந்துது, நீங்க வரப்போறதில்லன்னு. எடுத்த உளுந்தத் திரும்ப டப்பால கொட்டினேன். கொட்டும்போது எப்படி இருந்துது தெரியுமா?”

கஷ்டமாக இருந்திருக்கும் என்றேன்.

“நிம்மதியா இருந்துதுடி. அதான் எனக்குப் பயமாயிடுச்சு. கூடப் பொறந்தவ வரலன்னு நிம்மதியா இருக்கேனேன்னு அன்னிக்கும் அழுதேன்.”

 போன முறையும் அதற்கு முந்தைய முறையும் எங்கள் இருவரில் ஊருக்கு வந்து களைத்துப்போனவள் நான்தான் என்று நினைத்திருந்தேன். படப்பை அத்தை காலை ஆறரைக்கு எங்களை எழுப்பினாள் என்று கோபப்பட்டேனே தவிர, ஆறரைக்கு வந்த அத்தைக்கு எழுந்து காபி கலந்தது யார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மர்லீஸிடம் சொல்லி அங்கலாய்க்க என் களைப்புக்கு ஒரு நாடு இருந்தது. அக்காவுக்குத் தன் களைப்பைச் சொல்ல அந்த ஸ்டாஃப் ரூம்கூட உதவியிருக்காது.

“நீ என்னப் பத்திக் கேக்கவே இல்ல. உனக்கு அம்மா வீடுன்னா என் வீடு இருக்கு. வந்தா படுத்துக்கலாம், உக்காந்தா தட்டுல சாப்பாடு வரும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோல் சொன்னாள். “அம்மா போனப்பறம் எனக்கு எங்க இருக்கு அம்மா வீடு?”

நான் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அரிசி களைந்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நான் வைத்த ரசத்தில் உப்பு குறைவு, அக்கா அதைச் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மர்லீஸுக்கு என்னால் விளக்கவே முடியவில்லை. என் அக்கா நாவலூரில் சுற்றுலாப் பயணி ஆனாள். நானும் பாலாவும் போட்ட திட்டங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நல்ல வாடிக்கையாளரைப் போல அதிகாரமாக நடந்துகொண்டாள். காலையில் தாமதமாக எழுந்தாள். அகிலுக்குப் பக்கத்தில் பால்கனியில் உட்கார்ந்து லாரி பார்த்தாள். ஜூவுக்கு வியாழக்கிழமை போகலாம், அதுவும் கேட் திறந்ததும் உள்ளே போய் வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றாள். அப்படியே போனோம். நீர்யானை வாயைத் திறந்ததைக் குழந்தைகள் பார்த்தார்கள். அக்கா அவர்களைவிட நீண்ட நேரம் பார்த்தாள். பதினைந்து வருடங்களாக மாணவிகளைப் பேருந்தில் ஏற்றி ஜூவுக்குக் கூட்டிவருகிறாளாம். தலைகளை எண்ணிக்கொண்டே சுற்றியதில் ஒரு மிருகத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்றாள்.

சேலையூரில் இதற்குள் செய்தி பரவிவிட்டது. படப்பை அத்தை எனக்குப் போன் செய்தாள். “ஏன்டி, வெளிநாட்டுக்குப் போனவ நீ மாறிட்ட, சரி. குடும்பமா இருக்கறவளயும் கூட்டிட்டுப் போயி ரூம்ல வெச்சிருக்கியாமே?” அக்கா அவளாகத்தான் வந்தாள் என்றேன். “அதெப்படி அவளா வருவா, சொந்த வீட்ட வெச்சிக்கிட்டு?” என்றாள் அத்தை. மாமாவுக்குச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டாள். போனை வாங்கிய அக்கா, “கேம்ப் ரோட்ல நாலு ஓட்டல் இருக்கு அத்த. உங்களுக்குப் பாவமா இருந்தா படப்பைலேர்ந்து வந்து சமைச்சுக் குடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.  அத்தையிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மாமாவே வந்துவிட்டார். சண்டை போடப் போகிறார் என்று நானும் பாலாவும் குழந்தைகளை உள்ளறைக்கு அனுப்பினோம். அவர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, மிக்ஸி ஜாரின் மூடி எங்கே இருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். அதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றாள். “போன் பண்ணா நீ எடுக்கல” என்றார். பிறகு, “வீடு ஒரு மாதிரி இருக்கு உமா” என்றார். அக்கா யோசித்தாள். “இன்னொரு ரூம் சும்மாதான் இருக்கு. இருக்கறதுன்னா இருங்க. காபி மட்டும் என்னக் கேக்காதீங்க, சுதாவக் கேளுங்க.” மாமா என்னைப் பார்த்தார். நான் டீ பைகளைப் பார்த்தேன். கடைசியில் அவரே கீழே இறங்கிப் போய், எல்லோருக்கும் ஒரு கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து அது அவருடைய வேலையாகிவிட்டது. அகிலையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். லாரி டிரைவர்களெல்லாம் அவனுக்குக் கை காட்டினார்கள்.

சனிக்கிழமை மாலை கோவளம் கடற்கரைக்குப் போனோம். மீரா கடலைப் பார்த்துப் பயந்து பாலாவின் காலைக் கட்டிக்கொண்டாள். நெதர்லாந்தில் வட கடலின் சாம்பல் நிறத் தண்ணீரில் குளிரில் கூசாமல் குதிக்கிற குழந்தை. இது ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. புதுச் சுடிதார் போச்சே என்று கரையிலிருந்து சொன்னேன், அவள் திரும்பவில்லை. இன்னும் இரண்டடி உள்ளே போய் நின்றாள். முக்கால் மணி நேரத் தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு அக்கா தண்ணீரில் கால் வைத்துப் பல வருடங்களாகிவிட்டன என்று மாமா பக்கத்தில் நின்று சொன்னார். “நான் கூப்பிட்டதில்ல. அவளும் கேட்டதில்ல” என்றார். நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தோன்றியதால் திரும்பப் பையில் வைத்துவிட்டேன். பிறகு அக்காவே வந்து, “போட்டோ எடுத்தியா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் முறைத்துவிட்டு, மறுபடியும் தண்ணீரில் போய் அதே இடத்தில் நின்று சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை அக்காவும் மாமாவும் கிளம்பினார்கள். எங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர்கள் கிளம்பும்போது என் கைகள் தாமாகவே வேலை செய்தன. ஐந்தோவனிலிருந்து கொண்டுவந்த சாக்லேட், சீஸ், மீந்த பிஸ்கட், அக்கா நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்ன குளியல் சோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தேன். அதெல்லாம் எதுக்கு என்றாள். இருக்கட்டும், வழியில் பிள்ளைக்குக் கொடு என்று அம்மா சொல்கிற வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. அவள் பிள்ளை கோயம்புத்தூரில் இருக்கிறான். யாரும் சிரிக்கவில்லை. அக்கா பையை வாங்கிக்கொண்டாள்.

கீழே வாசல்வரை போனோம். மாமா காரை எடுத்தார். அக்கா கண்ணாடியை இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. சேலையூருக்குத்தான் போகிறாள், ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும், “போய்ச் சேந்ததும் போன் பண்ணுக்கா” என்றேன்.

“பண்றேன். உடம்பப் பாத்துக்க” என்றாள்.

வாசலுக்கு முன்னால் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. நடுவில் மெட்ரோ வேலைக்காக நெடுகத் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தாம்பரம் பக்கம் போக வேண்டிய வண்டி, முதலில் எதிர்த் திசையில் கேளம்பாக்கத்தை நோக்கிப் போய், எங்கோ ஒரு யூ டர்ன் எடுத்து, மறுபுறமாகத் திரும்பி வர வேண்டும். மாமாவின் கார் எங்களைவிட்டு விலகிப் போய் மறைந்தது. நாங்கள் மாடிக்குப் போகாமல் அங்கேயே நின்றோம். காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார், நான் உட்காரவில்லை. வெகு நேரம் கழித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கார்கள் ஊர்ந்து வந்தன. தகரத்துக்கு மேலே கூரைகள் மட்டும் தெரிந்தன. எந்தக் கூரை மாமாவின் காருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, தகரத்துக்கு மேலே உயர்ந்து ஆடியது. அகிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். அவன் இரண்டு கைகளையும் ஆட்டி, “டூய், பெரியம்மா” என்று டச்சில் விடைகொடுத்தான். சாலையின் இந்தப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டை நோக்கிப் போகிற அந்தக் கைக்கு நானும் கை காட்டிக்கொண்டிருந்தேன்.